பட்டியலில் விட்டுப்போன பெயர்

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு போட்ட முதல் வருஷம் அது. சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்தில், தெப்ராவில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் கிளார்க். ஆர்டர் எல்லாம் நின்றுபோய், யாரை எப்போது வேலையை விட்டு நிறுத்துவார்களோ என்று எல்லாரும் பயந்துகிடந்தோம். அப்போதுதான், ஆட்களை நிறுத்தாத கம்பெனிகளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கமே தரும் என்று அறிவிப்பு வந்தது.

"எல்லார் பேரையும் போட்டு அனுப்பிடு. பேர் இல்லாதவங்கள என்னால வச்சுக்க முடியாது" என்றார் முதலாளி.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டேன். நடுவில் நாலு தடவை நின்று நின்று போனது. எப்படியோ அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் சரிபார்த்தால், பேக்கிங் பகுதி அக்காவின் பெயர் இல்லை.

அலமாக்! மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தேன்; இல்லை. ஒரு லீவு விண்ணப்ப பாரத்துக்காக இரண்டு மாதம் முன்பு அக்காவுக்கும் எனக்கும் பெரிய சண்டை. அதோடு பேச்சே இல்லை. எல்லை மூடியதால் அவர் கணவர் சிங்கப்பூர் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார். அக்கா சம்பளத்தில்தான் குடும்பமே ஓடியது.

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று உதவி எண்ணுக்கு அடித்தேன். லைன் கிடைக்கவே இல்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

மூன்று மணிக்கு ஒரு பெண் அதிகாரி எடுத்தார். அக்காவின் ஐ.சி., அதாவது அடையாள அட்டையின் படத்தோடு ஐந்து மணிக்குள் ஈமெயில் அனுப்பினால் சேர்க்கப் பார்ப்பதாகச் சொன்னார். நகலெல்லாம் பூட்டிய ஆபீஸில். வேறு வழியில்லாமல் அக்காவுக்கே போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"வேணும்னே விட்டியா?"

"வேணும்னு இல்லக்கா. ஆனா மத்தவங்க பேரைப் பாத்த மாதிரி உங்க பேரைப் பாக்கல. கோவம் இருந்துச்சு."

போனை வைத்துவிட்டார்.

நாலேகாலுக்குப் படம் வந்தது. கூடவே குரல் பதிவு: "சீக்கிரம் அனுப்புலா. சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்."

அனுப்பினேன். பதில் வர ஒன்பது நாள் ஆனது. தினமும் காலையில் 'வந்துச்சா?' என்று கேட்பார். 'இன்னும் இல்லக்கா' என்று எழுதுவேன். கடைசியில் அனுமதி வந்தது. அவர் வேலையும் தப்பியது.

கம்பெனி திறந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவார் என்று பயந்தேன். இன்றுவரை ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எந்தப் பட்டியல் போட்டாலும், அதில் எனக்குப் பிடிக்காதவர் யார் என்று யோசித்து, அவர் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.