சோளக் கதிரும் இன்னொரு கதிரும்

2008 பொங்கல் விடுமுறை. ஊரே வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறிக்கொண்டிருக்க, நான் மட்டும் திண்டுக்கல்லில் வேடசந்தூர் பஸ்ஸுக்கு நின்றேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்குச் செல்லம்மா அக்கா இருக்கிறார். பத்து வருடத்துக்கு முன் என் ஆராய்ச்சிக்காகத் தன் சோளக்காட்டில் நாலு வரிசை ஒதுக்கித் தந்தவர்.

அணு உலை விபத்தில் கதிரியக்கத் தூசு இலைமேல் விழுந்தால் பயிருக்குள் எவ்வளவு போகும் என்பது என் கேள்வி. கொஞ்சத்தை மழை கழுவிவிடும். மிச்சத்தில் ஒரு பங்கை இலை தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும், வேர்வரை இறங்கக் காத்திருக்காது. அதிலும் சீசியம் பொல்லாதது. பொட்டாஷ் சத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருப்பதால், செடி ஏமாந்து அதை மணிவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பயப்படாதீர்கள், நான் தெளித்தது கதிரியக்கமே இல்லாத சீசிய உப்பு. செடிக்குள் இரண்டுக்கும் வழி ஒன்றுதான்.

'கதிர் ஆராய்ச்சி' என்று நான் சொன்னதை ஊர் சோளக் கதிர் என்றே எடுத்துக்கொண்டது. 'கதிரு புள்ள' என்று பெயரும் வைத்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. ஒருநாள் மில் பஸ்ஸில் வந்த யாரோ, அது அணுகுண்டுக் கதிராக்கும் என்று விளக்கிவிட்டார். அந்தக் காட்டின் சோளத்தட்டையைத் தின்ற மாட்டின் பாலா என்று மறுநாளே அக்காவிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அக்கா வீட்டில் அடுப்பெரிந்ததே அந்தப் பாலில்தான். என் வரிசைகளை அறுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன், மாடு அதைத் தொடவே இல்லை என்று வீடுவீடாகச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அதற்குள் நான் கிளம்பவேண்டிய நாள் வந்துவிட்டது. பிறகு வேலை வடக்கே. அக்காவின் பால் என்ன ஆயிற்று என்ற கேள்வி மட்டும் என்னோடே வந்தது.

இருபது கிலோமீட்டர் சொச்சம், முக்கால் மணி நேரம், நின்றபடி. ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தேன். இருபுறமும் கதிர் முற்றி நின்ற சோளத்தைப் பார்த்ததும் இருபத்துமூன்று வயது திரும்பிவிட்டது. அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, கதிரு புள்ளையா? இம்புட்டு நாளு எங்கிட்டுப் போன?"

உட்காரக்கூட இல்லை, கேட்டுவிட்டேன். "பாலு என்னக்கா ஆச்சு?"

"அதுவா? ஒரு வாரம் பொறுத்துப் பாத்தேன். பெறகு டீக்கடை முன்னால போயி நின்னு எம் மகளுக்கு ஒரு தம்ளரு குடுத்தேன். அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு இருந்தாக. மறுநாளு சொம்போட வந்துட்டாக."

"பச்சப்புள்ளைக்கா? பயமா இல்லையாக்கா?"

"நீதான வெறும் உப்புன்னு சொன்ன."

என் பேராசிரியர்கூட மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் அந்த முடிவுகளில் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு: மில் ஷிப்ட் மாறும் நேரத்தில் பஸ் ஏறாதீர்கள். திண்டுக்கல் பிரியாணியைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள், முன்னாலேயே சாப்பிட்டால் நடக்க முடியாது. விலக்கைத் தாண்டினால் கடை கிடையாது, தண்ணீர் முக்கியம். காபி பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. அன்று டீக்கடை முன்னால் பால் குடித்த மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. தம்ளரை அவள்தான் கொண்டுவந்து நீட்டினாள்.

"நம்ம மாட்டுப் பாலுதான் சித்தி, குடிங்க."