கார் து நோர் என்றொரு சரிவு

என் பிறந்தநாளுக்கு மகன் ஒரு போத்தல் வைன் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தான். வெள்ளை லேபல். அதில் தூரிகையால் இழுத்தது போன்ற நீல எழுத்துகளில், ‘கார் து நோர்’ என்று பிரெஞ்சில், பரிஸின் வடக்கு ரயில் நிலையத்தின் பெயர் இருந்தது. கடைசி எழுத்தின் அடியிலிருந்து நீலம் ஒரு கோடாக வழிந்து லேபலின் விளிம்புவரை இறங்கியிருந்தது. அதற்கு அடுத்த, எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒற்றை அறையில் குடியிருந்து, அந்த ஸ்டேஷனின் இரைச்சலுக்கு நடுவே தன்னை வளர்த்த தாய்க்கு இதைவிடப் பொருத்தமான பரிசு கிடைக்காது என்று நினைத்திருக்கிறான். பிள்ளையில் பிழையில்லை. அந்த நீலக் கோட்டைக் கண்டதும் போத்தலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். சந்தோஷத்தில் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

பின்பக்கத்து லேபலையும் அவனே வாசித்துக் காட்டினான். பெயர்பெற்ற ஒரு வைன் கொம்பனி. அதைத் தொடங்கிய முப்பாட்டனாருக்கு நகைச்சுவை அதிகமாம். பரிஸ் நகரத்திலிருந்து ரயிலில் வந்திறங்குகிற பழக்கத்தில், வடக்குப் பார்த்த அந்தக் குளிர்ச் சரிவுக்கு விளையாட்டாக இந்தப் பெயரை வைத்தாராம். குளிர்ந்த நிலத்தின் அருமையை வேறு யாரும் அறியாத காலத்திலேயே கொம்பனி அறிந்து, அந்தச் சரிவைக் கண்ணுக்குள் வைத்துக் காத்ததாம். பொய். ஒரு வரிகூட மிச்சமில்லாமல் பொய். அந்தப் பெயரை வைத்தவர்கள் லா சப்பலில் இருந்து போன நாங்கள். அந்தச் சரிவைக் காத்தவர் மதாம்.

மதாம் என்றுதான் நாங்கள் அவரை அழைத்தோம். எண்பதுகளில், புரட்டாதி பிறந்தால் முந்திரிகை ஆய ஆட்கள் தேவை என்ற கதை லா சப்பலில் கடைக்குக் கடை நடக்கும். திராட்சையை நாங்கள் யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்போம், பறிப்பதை ஆய்வது என்போம். அப்படித்தான் நானும், என் கணவரின் தங்கையான மச்சாளும், வேறு நாலு பெண்களும் மார்ன் ஆற்றுப் பக்கம் மதாமின் தோட்டத்துக்குப் போனோம். மதாமுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். இறப்பர் சப்பாத்து, வாயில் சிகரெட், கோபம் வந்தால் கடவுளிலிருந்து தபால்காரன் வரை எல்லாரையும் திட்டுவார். கோப்பிக்கு ஒரு சீனிக்கட்டிக்கு மேல் தரமாட்டார். விட்டுவிட்டுப் போன புருஷனைத் திட்டும்போது மட்டும் குரலில் ஓர் உற்சாகம் இருக்கும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

அவருக்கு இரண்டு தோட்டம். ஒன்று வெயில் பக்கம். மற்றது குன்றின் பின்பக்கம், வடக்கைப் பார்த்த சரிவு. அங்கே வெயில் பிந்தி வந்து முந்திப் போய்விடும். கொடியின் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் மா அரித்தவளின் கை போல வெளுத்திருக்கும். மற்ற இடமெல்லாம் ஆய்ந்து முடித்த பிறகும் அங்கே பழம் புளித்துக்கொண்டே நிற்கும். ஊரார் அதைப் பிடுங்கி எறியச் சொன்னார்கள். மதாம் அந்தச் சரிவில்தான் உயிரை வைத்திருந்தார். அவருடைய தாய் தன் கையால் நட்ட கொடிகள் அவை.

முதல் வருஷம் நடந்தது இது. கூடைக்குள் இலை கிடக்கிறது என்று மதாமின் பழத்தை வாங்குகிற அந்த வைன் கொம்பனியிலிருந்து வந்த ஐயா, முசியே என்போம், எங்களை நன்றாகத் திட்டிவிட்டுப் போயிருந்தார். அடுத்த நாள் விடியவே மதாம் வாசலில் நின்று, இன்றைக்கு நோருக்கு என்று சொல்லிவிட்டு வான் வண்டியை எடுக்கப் போனார். நோர் என்றால் பிரெஞ்சில் வடக்கு; அவர் சொன்னது வடக்குச் சரிவை. எங்களுக்குத் தெரிந்த நோர் உலகத்திலேயே ஒன்றுதான், பரிஸ் ஸ்டேஷன்.

“எடியே, எங்களைத் திருப்பி அனுப்பப் போறா போல,” என்றாள் மச்சாள். “நேற்று அந்தாள் கத்தினதுக்குத்தான். என்ர அண்ணையும் உன்ர மனுசனும் ஒண்டுதானே, அவருக்கு நீயே பதில் சொல்லு.”

படுக்கை விரிப்பை மடித்தோம், பையைக் கட்டினோம். மதாம் வானோடு திரும்பி வந்தபோது ஆறு பேரும் பைகளோடு வரிசையாக நின்றோம். மச்சாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். எங்கே புறப்பட்டுவிட்டீர்கள் என்று மதாம் கேட்டார். “கார் து நோர், மதாம்,” என்றோம். சிகரெட் வாயிலிருந்து விழுந்துவிட்டது. சிரித்து, இருமி, வானில் சாய்ந்துகொண்டு திரும்பவும் சிரித்தார்.

அன்று பின்னேரமே ஒரு பழைய பெட்டியின் பலகையை எடுத்து, யன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீல மையால் எழுதினார். காயமுன்னே மச்சாள் ஆவல் தாங்காமல் தூக்கி நிறுத்த, கடைசி எழுத்து வழிந்துவிட்டது. மதாம் அவளையும் திட்டினார், அவளுடைய பரம்பரையையும் திட்டினார். அதே பலகையைத்தான் சரிவின் அடியில் ஆணி அடித்து நட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ரயில் புறப்படுகிறது, ஏறுங்கள் என்று கத்தித்தான் எங்களை வானில் ஏற்றுவார்.

நாங்கள் மூன்றாம் முறையாகப் போனபோது, அந்தக் கோடை முழுக்க மழை. வடக்குச் சரிவை ஆய்ந்து முடித்து, கூடைகளை முற்றத்தில் அடுக்கிவிட்டு நின்றோம். கொம்பனி முசியே வந்தார். ஒரு பழத்தை வாயில் போட்டார். மென்றார். மதாமின் சப்பாத்துக்குப் பக்கத்தில் துப்பினார். இது வினாகிரி, வெறும் புளிக்காடி, இந்த இடத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தால் புத்தி என்றார். ஒரு கூடைகூட எடுக்காமல் காரில் ஏறிப் போனார். இத்தனை வருஷமாகியும் அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது. ஒரு மனுஷி வருஷம் முழுக்கக் குனிந்து வளர்த்ததை அவளுடைய முற்றத்திலேயே துப்பலாம் என்று அந்தாளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? மதாம் திட்டவில்லை. அதுதான் எங்களைப் பயப்படுத்தியது.

மச்சாள்தான் கேட்டாள், லா சப்பலுக்குக் கொண்டுபோனால் என்ன என்று. புளிப்பு என்று எங்கள் ஆட்கள் எதையாவது எறிந்ததுண்டா? கூடைகளை வானில் ஏற்றிக்கொண்டு அடுத்த நாளே வந்து இறங்கினோம். எங்களுக்குத் தெரிந்த கடைக்கார அண்ணை வாசலை விட்டுக் கொடுத்தார். “மதாம், இஞ்சை வையுங்கோ, ஆர் கேக்கிறது பாப்பம்,” என்று உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து ஒரு தட்டில் கொண்டுவந்தார். சனம் சுற்றிக்கொண்டது. புறநகரான லா கூர்னெவ்வுக்கு ரயில் ஏறப் போனவர்களெல்லாம் நின்று, பழத்தைத் தூளில் தொட்டுத் தின்று, நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். ஊறுகாய் போட ஒருத்தி இரண்டு கூடை கேட்டாள். மதாமும் ஒன்றைத் தொட்டுத் தின்றார். கண்ணால் நீர் ஓடியது. தூள்தான் காரணம் என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஊறுகாய்க்கு விற்று ஒரு தோட்டத்தைக் காப்பாற்ற முடியாது. அடுத்த மாரியில் அதே கொம்பனி, அதே முசியேயை அனுப்பி, பெரிய உபகாரம் செய்கிற மாதிரி அந்தச் சரிவைக் கேட்டது. கொடியைப் பிடுங்கிக் காடாக விடுவோம், உங்களுக்கும் தொல்லை விட்டது என்றாராம். மதாம் கையெழுத்துப் போட்டார். அவர்கள் ஒரு கொடியையும் பிடுங்கவில்லை. துப்பியதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக் காத்திருந்தார்கள். பலகையைக்கூட விட்டுவைக்கவில்லை. அது எங்கே என்று பிறகு ஒருமுறை கேட்டபோது, கொம்பனி வாசலில் சோடனைக்கு மாட்டியிருக்கிறது என்று சொல்லி மதாம் கதையை மாற்றினார். அவர் இறந்தும் நெடுநாளாகிறது.

இப்போது கோடை எரிக்கிறது. வெயில் பக்கத்துப் பழம் அவசரப்பட்டு இனித்துச் சப்பென்று போகிறது என்கிறார்கள். வைனுக்கு உயிர் அந்தப் புளிப்புத்தானாம். குளிர்ச் சரிவு என்று லேபலில் போட்டால் வைத்த கையோடு விற்றுப்போகிறதாம். வினாகிரி என்றவர்களின் பிள்ளைகள் இப்போது அதே புளிப்பைப் புகழ்ந்து லேபல் எழுதுகிறார்கள். நிலத்தை வாங்கினார்கள், சரி, விற்றவர் விற்றார். எங்கள் சிரிப்பை யார் விற்றது? ஆறு பெண்கள் பயந்துபோய்ப் பைகளோடு நின்ற அந்தக் காலையை முப்பாட்டனாரின் பகிடியாக்க இவர்கள் யார்?

மகன் இரண்டு கிண்ணத்தில் ஊற்றினான். குடித்தேன். அதே புளிப்பு. நாக்கு அதை மறக்கவில்லை. அவன் லேபலில் வழிந்திருந்த கோட்டை விரலால் தடவி, எவ்வளவு அழகான வேலை என்று பிரெஞ்சில் வியந்தான்.

“அது வேலையில்லை ராசா,” என்றேன். “உன்ர மாமியின்ர அவசரம்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கிண்ணத்தை வைத்துவிட்டான். அந்த மதாமின் பெயர் என்ன என்று பிரெஞ்சில் கேட்டான். சொன்னேன், முதற்பெயரும் குடும்பப் பெயருமாக. இங்கே எழுத எனக்கு வழியில்லை. மதாமின் மகள் மிஞ்சிய வெயில் பக்கத்துப் பழத்தை இன்றும் அந்தக் கொம்பனிக்குத்தான் விற்றாக வேண்டும். தன் தாயின் பெயரை வெளியில் சொல்லவும் அவள் அவர்களுக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றி எரிகிறது.

மகன் பேனையை எடுத்து, வழிந்த நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் மதாமின் பெயரை எழுதினான். பிறகு நிமிர்ந்து, எப்போதும் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிற பிள்ளை, “அம்மா, உங்கட ஆறு பேரின்ர பேரையும் எழுதவோ? இடம் காணாதே,” என்று தமிழில் கேட்டான்.

“பின்னாலை திருப்பு,” என்றேன். “முப்பாட்டன்ர கதைக்கு மேலை எழுது. அழுத்தி எழுது.”