தயிர் அண்டாவோடு ஒரு ஹெவி டெஸ்ட்

எழுபதுகளின் கடைசியில், மதுரையை அடுத்த ஒத்தக்கடைப் பக்கம் ஓர் அரிசி மில்லில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி புதிதாக லாரி வாங்கினார். "ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டு வா, வண்டி உனக்குத்தான்" என்றார். என் அக்கா வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு பழைய லாரி வைத்திருந்தார். எனக்கு அவர் மச்சான், அவருக்கு நான் மாப்ள. தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் அவருடைய லாரியில்தான் பழகினேன்.

கியர் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. கை சிக்னல்தான் வரமாட்டேன் என்றது. சாயங்காலமானால் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வலது கையைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பழகினேன். வேகத்தைக் குறைக்கிறேன் என்று காட்ட, உள்ளங்கை தரையைப் பார்க்கக் கையை மேலும் கீழும் அசைக்க வேண்டும். நம் ஊரில் 'வா' என்று கூப்பிடுவதும் அப்படித்தானே? எதிர்வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "கூப்பிட்டீங்களா?" என் மனைவி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

டெஸ்ட் அன்று காலையில் மச்சான் லாரியைக் கொண்டுவந்தபோது உள்ளே கல்யாணப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. அண்டா, குண்டா, ஆட்டுரல், எல்லாவற்றுக்கும் நடுவே தயிர் நிறைந்த பெரிய அண்டா ஒன்று. அதைக் கட்டிப்பிடித்தபடி ஒரு சமையல்காரர்.

"என்ன மச்சான் இது?"

"மேலூர்ல கல்யாணம் மாப்ள. இருக்கது ஒத்த லாரி. ரெண்டு வேலையையும் சேத்தே முடிச்சிருவோம்."

டெஸ்ட் எடுக்க வந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். கையில் குடை. பாத்திரங்களைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, "லோடோட ஓட்டுறவன்தான்யா டிரைவர். எடு வண்டியை, மேலூர் ரோட்ல போ" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மச்சான் பின்னால் போய் ஏறிக்கொண்டார். போகிற வழி மேலூர் என்றதும் சமையல்காரருக்கு ரொம்ப சந்தோஷம்.

ஒவ்வொரு கியருக்கும் பின்னால் பாத்திரங்கள் சத்தம் போட்டன. சத்தம் வரும்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் திறந்தார். "ஸ்லோ பண்ணு" என்றார். கையை நீட்டி அசைத்தேன். ரோட்டோரம் கத்தரிக்காய்க் கூடையோடு நின்ற அம்மா ஓடி வந்து, "மேலூர் போகுமாய்யா?" என்று கேட்டுக்கொண்டே கூடையை ஏற்றப் பார்த்தார். இது டெஸ்ட் என்று இன்ஸ்பெக்டர் அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொன்னார். "டெஸ்ட்டு முடிஞ்சு அந்தப் பக்கந்தான போவீக?" என்றார் அந்த அம்மா.

கொஞ்ச தூரத்தில் வாய்க்கால் பாலம். ஏற்றத்தின் பாதியில் நிறுத்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர். பின்னால் நகராமல் மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். பாடையில் கிடப்பவன் கை மாதிரி அது தொளதொளவென்று வந்தது. ஆனால் லாரி அசையவில்லை. நானே ஆச்சரியப்பட்டேன். கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி கோயில் தேர்போலக் கிளம்பி மேலே ஏறியது.

"பரவால்லையே, நல்ல கண்ட்ரோல்" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு மீசை துடித்தது.

பாலத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து சமையல்காரரின் அலறல். "ஐயோ, குழவி! குழவிய விட்டுட்டு வந்துட்டோம்!"

நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். ஏற்றத்தின் நடுவில் ஆட்டுரல் குழவி கிடந்தது. அதற்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி தயங்கி நின்றது. ஹேண்ட்பிரேக் பிடிக்காது என்று தெரிந்த மச்சான், லாரி நின்றதும் குதித்துக் குழவியைச் சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கிறார். வண்டி கிளம்பியதும் குழவியை எடுப்பதா, ஓடி ஏறுவதா என்ற குழப்பத்தில் ஏறிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் குழவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். மாட்டையும் பார்த்தார்.

"வண்டியைத் திருப்பிக் கீழ கொண்டாந்து, அதே எடத்துல நிறுத்து" என்றார் என்னிடம். "கல்லு இல்லாம எடு."

மச்சான் குழவியைத் தூக்கி லாரியில் போட்டார். வண்டி மதுரைப் பக்கம் திரும்பியதும் சமையல்காரர் கேபினைத் தட்டினார். "சார், மேலூர் அங்கிட்டு இருக்கு!"

மறுபடி ஏற்றத்தில் நின்றேன். பிரேக்கை மிதித்தபடியே கிளட்சை, எஞ்சின் முனகும் வரை விட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு காலை ஆக்ஸிலேட்டருக்கு மாற்றினேன். லாரி ஒரு குலுக்குக் குலுக்கியது. பின்னால் 'தொப்' என்று சத்தம். வண்டி முன்னால் போய்க் குலுங்கியதா, பின்னால் உருண்டு குலுங்கியதா என்று எனக்கே தெரியவில்லை. மேலே போய் நிறுத்தினேன்.

இன்ஸ்பெக்டர் இறங்கிப் பின்பக்கம் போனார். சமையல்காரர் கழுத்திலிருந்து இடுப்புவரை வெள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

"தயிர் எந்தப் பக்கம் சிந்துச்சு?"

"என் மேல சார்! பாத்தாத் தெரியலையா?"

"நீ அண்டாவுக்கு எந்தப் பக்கம் உக்காந்திருந்த?"

"பின்பக்கம்."

"கேபின் பக்கம் ஒரு சொட்டாச்சும் சிந்துச்சா?"

"அங்கிட்டு ஒண்ணும் இல்ல. அம்புட்டும் என் மேலதான்."

இன்ஸ்பெக்டர் குடையைத் தரையில் ஊன்றி நின்று யோசித்தார். "வண்டி பின்னால உருண்டிருந்தா தயிர் முன்னால போயிருக்கும். இது பின்னால வந்திருக்கு. அப்ப வண்டி நேரா முன்னாலதான் போயிருக்கு." என் பக்கம் திரும்பினார். "பாஸ்."

மச்சான் கைதட்டினார். இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "பாத்திரத்தை எறக்கினதும் நேரா ஒர்க்‌ஷாப்புக்குப் போயி பிரேக்கைப் பாரு. அதுவரைக்கும் நீதான் ஓட்டணும். இவனுக்கு இன்னும் லைசென்ஸ் கைக்கு வரல." எதிரே வந்த டவுன் பஸ்ஸைக் குடையால் மறித்து ஏறிப் போய்விட்டார்.

அப்படியாக, டெஸ்ட்டில் பாஸான நான் மேலூர் வரைக்கும் பாத்திரங்களோடு பின்னால் உட்கார்ந்து போனேன். சமையல்காரர் வழியெல்லாம் மேலிருந்த தயிரைத் துடைத்துக்கொண்டே வந்தார். கல்யாண வீட்டில் இறங்கும்போதுதான் வாய் திறந்தார். "தம்பி, பந்தி முடியுற வரைக்கும் தயிர் கொறஞ்சதச் சொல்லிராதீக. மோராக்கிச் சமாளிச்சிருவேன்."

லைசென்ஸ் கொஞ்ச நாளில் வந்தது. போட்டோவில் நான் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தேன். மில் முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் தவிட்டு லோடு இருக்கிறது, நேரத்தோடு வந்துவிடு என்றார்.