மொய் வைக்காத நாலு குண்டு

தங்கை மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். மதுரையில் படிக்கிறவள், இந்தத் தடவை கையோடு ஏர் ரைபிளையும் கொண்டுவந்துவிட்டாள். நேற்றுக் காலையில் முன்னறையில் பழைய பேப்பரை விரித்து, துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு, துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். காப்பி டம்ளரோடு வந்த நான் அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். துப்பாக்கி எண்ணெய்க்கென்று ஒரு மணம் உண்டு. தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் மாதிரிதான் இருக்கும், ஆனால் அது இல்லை. முப்பது வருஷம் கழித்தும் இந்த மூக்கு அதை மறக்காமல் வைத்திருக்கிறது. மறக்க வேண்டியதை எதைத்தான் மறந்தது அது.

"மாமா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஒரு நாளைக்கு அறுபது குண்டு போதும்ங்காரு எங்க கோச். நான் நூத்தம்பது வரைக்கும் சுடுதேன். கூடச் சுட்டாத்தானே கை படியும்? நீங்கள்லாம் எத்தன சுடுவீய?"

"பத்து" என்றேன்.

"ஒரு நாளைக்குப் பத்துதானா?"

"வருசத்துக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். சிரிக்கட்டும். எங்கள் குடும்பத்தில் எனக்குத் துப்பாக்கிக்கார மாமா என்று ஒரு பெயர் இருக்கிறது. கல்யாண வீடுகளில் மீசையைத் தடவிக்கொண்டு நானே பரப்பிய பெயர்தான். பத்துக்குப் பத்து அடித்தவன் என்பதுவரைக்கும் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் என் சொந்தக்காரர் இல்லை என்கிற தைரியத்தில்.

அப்பா தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பெருங்காயமும் மண்ணெண்ணெயும் கருப்பட்டிச் சிப்பமும் கலந்த ஒரு நெடி. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்தாலும் சோற்றில் கைவைக்கும்போது திரும்ப வந்துவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு ஆலையில் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டேன். "உளுந்து நிறுக்கிற கையி துப்பாக்கி புடிக்கப் போவுதாக்கும்" என்று அப்பா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது இருபத்திநாலு வயது. காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, கடைத்தெரு வழியாகச் சைக்கிளில் தேவையில்லாமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். அப்படி ஒரு கோமாளி.

வாயில் காவலில் எனக்கு ஜோடி சுடலைமுத்து அண்ணாச்சி. ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு கிராமம். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்து ஆலையில் சேர்ந்தவர். பட்டாளத்துக்காரர் என்றால் மலை ஏறினேன், பனியில் கிடந்தேன் என்று ஆளை உட்கார வைத்து அறுப்பார் என்று பயந்தேன். அவர் வாயைத் திறந்தால் வாழையைப் பற்றித்தான் பேசுவார். நான் மூன்று தடவை மேட்னி ஷோவுக்கு ஓடியிருக்கிறேன். மூன்று தடவையும் "இப்பத்தான் ஒண்ணுக்குப் போனான்" என்று சொல்லி என்னைக் காப்பாற்றியவர் அவர். இரண்டரை மணி நேரம் ஒருத்தன் ஒண்ணுக்குப் போவானா என்று கேட்க அங்கே ஆள் இல்லை, என் நல்ல காலம்.

வருஷத்துக்கு ஒரு நாள் எங்களுக்குச் சுடுதல் பயிற்சி. உப்பளங்களைத் தாண்டிக் கடலோரமாக ஒரு மண்மேடு இருந்தது. இரண்டு ஆள் உயரம், அதன் முன்னால் வரிசையாக நாலு அட்டை, அட்டையின் நடுவில் கறுப்பு வட்டம். காவலர்கள் மொத்தம் நாற்பது பேர். நாலு நாலு பேராக மணல் மூட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். ஆளுக்குப் பத்துக் குண்டு, அஞ்சு அஞ்சாக இரண்டு தடவை போடுவது. பத்தில் ஆறு வட்டத்துக்குள் விழுந்தால் பாஸ். தொடர்ந்து இரண்டு வருஷம் ஆறுக்குக் குறைந்தால் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வருஷம் முழுக்க எண்ணெய் மட்டும் போட்டுத் துடைக்கவிட்டு, ஒரு நாள் பத்தே பத்துக் குண்டைக் கொடுத்து, அதில் ஒருத்தன் சோற்றை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற அந்த விதியை எழுதின புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும்.

அந்த விதிக்குக் காவலர்கள் கண்டுபிடித்த மருந்துதான் மொய். நன்றாகச் சுடுகிறவன் தன் அட்டையில் ஆறு விழுந்ததும் துப்பாக்கியை இம்மி அளவு நகர்த்தி, மிச்ச நாலைப் பக்கத்து ஆளின் அட்டையில் போட்டுவிடுவான். எந்த ஓட்டை யார் போட்டது என்று யாருக்குத் தெரியும்? கல்யாண வீடு மாதிரி, இன்றைக்கு உனக்கு நான், நாளைக்கு எனக்கு நீ. கண் மங்கினவர்கள், கை நடுங்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வருஷத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யார் பக்கத்தில் யார் படுப்பது என்பது ஒரு மாதத்துக்கு முன்பே பேசி முடிவாகிவிடும்.

அண்ணாச்சிக்கு வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆலை டாக்டர் அறையில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவைத்து ஒப்பித்துவிடுவார். ஆபரேஷனுக்கு லீவு கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். முந்தின வருஷம் அவருக்கு மொய் வைக்க வேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட, அவருக்கு அஞ்சுதான் விழுந்தது. இந்த வருஷமும் விட்டால் வேலை போச்சு. ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி. மகன் அப்போதுதான் கோவில்பட்டியில் இன்ஜினீயரிங் சேர்ந்திருந்தான்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது, டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏலே, ஒனக்கு ஆறு போதும்லா?"

"தாராளமாப் போதும் அண்ணாச்சி."

"அப்ப மிச்சத்த இங்கன தள்ளிரு. எனக்கு மூணு நாலு எப்படியும் விழுந்துரும்."

"நாலும் ஒங்களுக்குத்தான். நிம்மதியா இருங்க."

அதோடு அவர் வாழைக்கு மண் அணைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

பயிற்சி நாளன்று கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேற்கேயிருந்து அது அடித்தால் உப்பும் மணலும் பல்லில் கடிபடும். எனக்கு இரண்டாம் நம்பர் இடம், அண்ணாச்சிக்கு மூன்று. அந்தத் துப்பாக்கி உதைக்கிற உதைக்கு விவரமானவர்கள் சட்டைக்குள் துண்டை மடித்து வைத்துக்கொள்வார்கள். நான் வைக்கவில்லை, வீரன் அல்லவா. முதல் அஞ்சும் சுட்டு முடித்தேன். பின்னால் பைனாகுலரோடு நின்ற எங்கள் அதிகாரியின் குரல் கேட்டது. பட்டாளத்தில் மேஜராக இருந்தவர், வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

"ரெண்டாம் நம்பர் யாரு? அஞ்சும் கறுப்புல. வெரி குட், கீப் இட் அப்."

அவ்வளவுதான் ஐயா. அந்த 'வெரி குட்'டில் விழுந்தேன் நான். ஆறாவதைப் போட்டேன், அதுவும் உள்ளே. இப்போது துப்பாக்கியை வலது பக்கம் நகர்த்த வேண்டும். ஏழாவதையும் போட்டுவிட்டு நகர்த்தலாம், மூன்று போதுமே அண்ணாச்சிக்கு என்று நினைத்தேன். பிறகு எட்டாவது. இரண்டு போதும், அவருக்குத்தான் நாலு விழுந்துவிடுமே. ஒன்பதாவதைச் சுட்டபோது நான் எதையும் நினைக்கவில்லை. பத்தாவதைச் சுட்டபோது, பத்துக்குப் பத்து என்று எல்லோரிடமும் எப்படிச் சொல்வது என்பதை நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் புரை விழுந்த கண்ணோடு படுத்திருந்த மனிதருக்கு என் அட்டையும் தெரியாது, அவர் அட்டையும் தெரியாது. நான் சொன்ன சொல் மட்டும்தான் தெரியும்.

சுட்டு முடித்து அட்டைகளைப் பார்க்க நடந்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. என் தோளில் தட்டினார். அந்தத் தோள் அப்போதே கன்றிப்போய் வலித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டாம் நம்பர் பத்து. மூணாம் நம்பர் நாலு" என்று கணக்கர் சத்தமாக வாசித்தார்.

அண்ணாச்சி அட்டையில் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார். ஓட்டைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். நாலுதான். அப்புறம் என் அட்டைக்கு வந்து அதையும் தடவினார். பத்து.

"நல்லாச் சுட்டிருக்கலே" என்றார்.

நான் மேஜரிடம் ஓடிப்போய், ஐயா இவருக்கு இன்னும் அஞ்சு கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டிருக்கலாம். குண்டுக்கா பஞ்சம்? லீவில் போனவர்கள் பங்கு, அது இது என்று பெட்டியில் எண்பதுக்கு மேல் மிச்சம் இருந்தது. மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோனால் அடுத்த வருஷம் குறைத்துவிடுவார்கள் என்று அதை அங்கேயே சுட்டுத் தீர்ப்பது வழக்கம். அதிகாரிகளும் அவர்களைப் பார்க்க வந்திருந்த சிநேகிதர்களும் இளநீர் குடித்தார்கள். குடித்த கூடுகளை மேட்டில் வரிசையாக வைத்துச் சிரித்துக்கொண்டே சுட்டார்கள். இரண்டு குண்டு குறைந்ததற்கு ஒருத்தர் வேலை போகிறது. இங்கே இளநீர்க் கூட்டுக்கு எண்பது குண்டு. மேஜர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "வாய்யா பத்து. நீயும் சுடு."

அண்ணாச்சி லாரி ஓரத்தில் நின்று, தான் சுட்ட துப்பாக்கியைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போனேன். போய்ச் சுட்டேன். பதினைந்து குண்டு. ஒரு கூடும் தப்பவில்லை.

தோள் ஒரு வாரம் நாவல்பழ நிறத்தில் வீங்கிக் கிடந்தது. அம்மா தைலம் தேய்த்தாள், வந்தவர்களுக்கெல்லாம் சட்டையை விலக்கிக் காட்டினேன். அந்த மாதக் கடைசியில் அண்ணாச்சி பெல்ட்டையும் தொப்பியையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். எல்லோரிடமும் "வாரேன்" என்று சொன்னார், என்னிடமும் சொன்னார். நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. சொல்லி நாலு பேர் என் முகத்தில் காறித் துப்பியிருந்தால் இவ்வளவு நாள் அரிக்காது. ஆறே மாதத்தில் எனக்கு ஹெட் கார்டு பதவி வந்தது.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஏரலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "ஏலே, நீயா?" என்று ஒரு குரல். அண்ணாச்சிதான். தலைச்சுமையாக ஒரு வாழைத்தார். இறக்கி வைத்துவிட்டு, வேண்டாம் என்றாலும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

"கண்ணு ஆபரேசன் பண்ணிட்டேன்லே. பத்தே நிமிசம். அந்தா வார பஸ்ஸு போர்ட வாசிக்கட்டுமா?" தூரத்தில் வந்த பஸ்ஸின் பலகையை வாசித்தார், சரியாகவே வாசித்தார். "இப்ப பளிச்சுன்னு தெரியுது. சுடத்தான் எடமில்ல" என்று சிரித்தார்.

"மவன் படிப்பு முடிச்சிட்டானா அண்ணாச்சி?"

"அது ஒரு வருசத்தோட நின்னுட்டு. திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான்."

டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். "அண்ணாச்சி, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"பஸ்ஸு வந்துட்டு பாரு. ஏறு" என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார். ஏறிவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை முடிப்பதற்கு அடுத்த பஸ்ஸில் போயிருக்கலாம். அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை. இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதே பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான்.

இன்று காலையில் மருமகள் திரும்பவும் ஆரம்பித்தாள். "மாமா, எத்தன சுடணும்னு நீங்க சொல்லவே இல்லியே." கோச் சொல்கிறதைக் கேள் என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த மண்மேட்டைப் பார்க்கப் போனேன். எனக்கும் இப்போது வலது கண்ணில் புரை. எதிரே வருகிற லாரி இரண்டாகத் தெரிகிறது. ஆலையைப் பூட்டி வருஷக்கணக்காகிறது. வாயிலில் நாங்கள் நின்ற இடத்தில் ஒரு கேமராவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

மேடு இல்லை. அந்த இடத்தில் காற்றாலை இறக்கைகளைக் கப்பலில் ஏற்றுவதற்கு வரிசையாகப் படுக்கப்போட்டிருந்தார்கள். மேடு எங்கே என்று கேட்டதற்கு, அங்கிருந்த டீக்கடைக்காரர் சொன்னார்: "அத அப்பவே அள்ளி ரோட்டுக்கு அடிச்சிட்டாவ அண்ணாச்சி. அதுக்கு முன்னால மண்ணச் சலிச்சு, உள்ள இருந்த ஈயத்த எடைக்குப் போட்டாவ. சாக்குச் சாக்கா வந்துச்சு."

சாக்குச் சாக்காக வந்ததில் அந்த ஒரு நாளில் நான் சுட்டது மட்டும் இருபத்தைந்து குண்டு. எனக்கு வேண்டியிருந்தது ஆறு. நாலு அண்ணாச்சிக்குச் சேர வேண்டியது.