சித்தி செய்து காட்டிய முதலாளி

என் சித்தியின் முதுகு ஒருமுறை தொலைக்காட்சியில் வந்திருக்கிறது. முகம் வரவில்லை. முகத்தையும் எடுத்தார்கள், பேச்சையும் எடுத்தார்கள். பிறகு மெட்ராஸில் உட்கார்ந்து இரண்டையும் வெட்டிப் போட்டுவிட்டு முதுகை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதை நான் சொல்ல ஆரம்பித்தாலே என் வீட்டுக்காரர் சிரிப்பார். இத்தனை வருஷம் கழித்துமா உனக்கு ஆத்திரம் போகவில்லை என்பார். போகவில்லை. ஏன் போகவேண்டும்?

எண்பதுகளின் கடைசி அது. நல்லூரில் ஒரு லைன் வீட்டில் அம்மா, அப்பா, நான், அம்மாவின் தங்கையான சித்தி ஆகிய நாங்கள் இருந்தோம். சித்தி கல்யாணமான வேகத்தில் திரும்பி வந்துவிட்டவள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச அவளும் விடுவதில்லை, அதற்குள் யாரையாவது நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்துவிடுவாள்.

அவள் வேலை செய்த பனியன் கம்பெனி எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தது. நீளமான மேஜை, அதன் இரண்டு பக்கமும் தையல் மெஷின்கள், எல்லாவற்றையும் ஓட்டுவதற்கு அடியில் ஒரே மோட்டார். பவர் டேபிள் என்பார்கள். மெஷின்களில் வரிசையாக ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் என் சித்தி ஒருத்தி. மற்றப் பெண்களெல்லாம் கைமடி. அதாவது டைலருக்குத் துணியின் ஓரத்தை மடித்து மடித்து எடுத்துக் கொடுக்கிற வேலை. சித்தியும் அதில் சேர்ந்தவள்தான். சாப்பாட்டு நேரத்தில் வேஸ்ட் துணியைத் தைத்துப் பழகி, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கி, திட்டு வாங்கியே மெஷினில் ஏறி உட்கார்ந்தவள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன வேலை என்று கேட்டால், "டைலருங்க" என்பாள். கேட்காவிட்டாலும் ஏதாவது சாக்கில் சொல்லிவிடுவாள்.

அவள் செய்து காட்டும் ஆட்களில் முதல் இடம் அவள் முதலாளிக்குத்தான். வேட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வருவார். தைத்து அடுக்கிய பனியனில் ஒன்றை எடுப்பார். கழுத்துப் பட்டியை இரண்டு விரலால் இழுத்து விடுவார், டப்பென்று சத்தம் வரும். பிறகு மூக்கில் வைத்து முகர்ந்து பார்ப்பார். அப்புறம் நேராகத் தைத்த ஆளைப் பார்க்காமல் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்து, "ஏனுங்க, இதைய நீங்க போடுவீங்களா? உங்க ஊட்டு ஆளுங்களுக்குப் போட்டு உடுவீங்களா?" என்பார். திட்டும்போதும் மரியாதை ஒரு இம்மி குறையாது. சித்தி இதை அப்படியே செய்வாள். கடைசியில் ரவிக்கைக்கு மேல் போட்டிருக்கும் அப்பாவின் பழைய சட்டையைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே பனியன் இருப்பதாகப் பாவனை செய்து, அதில் விரலை விட்டு ஓட்டையைப் பெரிதாக்கிக் காட்டுவாள். ஏனென்றால் லாரி லாரியாக நல்ல பனியன் அனுப்பும் அந்த மனிதர், தன் உடம்பில் போட்டுக்கொண்டதெல்லாம் கழித்துப் போட்ட செகண்ட்ஸ். எண்ணெய்க் கறையும் ஓட்டையுமாக இருக்கும். கம்பெனியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

இது அவருக்குத் தெரியாமல் நடந்த கேலியும் இல்லை. ஆயுத பூஜையன்று மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்த பிறகு, அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "எங்கீங்க அந்த அம்மிணி, வந்து என்னையச் செஞ்சு காட்டச் சொல்லுங்க" என்று கேட்பார். நானே பார்த்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "ஆமாங்க, நெசந்தானுங்க, பாருங்க" என்று சட்டைப் பித்தானைக் கழற்றி ஓட்டையைக் காட்டுவார். கைமடியில் இருந்து மேலே வந்தவர், அந்த ஓட்டை அவருக்கு ஒரு பதக்கம்.

அந்தக் கம்பெனிக்குத்தான் மெட்ராஸிலிருந்து டிவிக்காரர்கள் வந்தார்கள். பனியன் கம்பெனி ஒன்றில் நடக்கும் வேடிக்கைகளை வாராவாரம் தொடர் நாடகமாகக் காட்டப் போகிறார்களாம். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் ஷெட்டை அவர்களுக்குத் திறந்துவிட்டு, வேலையாட்கள் எல்லாரையும் வரச்சொல்லி, ஆளுக்கொரு தக்காளி சாதப் பொட்டலமும் ஏற்பாடு செய்தார். நானும் சித்தியோடு போனேன். சத்தம் வரக்கூடாதென்று மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். ஓடாத மெஷினில் தைப்பது போல் எல்லாரும் தலையை ஆட்டவேண்டும். வருஷக்கணக்காகத் தைத்தவர்களுக்கு இது வரவேயில்லை. காலை அழுத்துவார்கள், ஊசி நகராது, பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள். டைரக்டர் கத்துவார்.

முதலாளி வேஷம் போட்ட நடிகருக்கும் வரவில்லை. அவர் கையை ஓங்கிக்கொண்டு, நெஞ்சைத் தூக்கிக்கொண்டு, கூப்பாடு போட்டார். எங்கள் ஊரில் எந்த முதலாளி அப்படிக் கத்துகிறார்? நிஜ முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில், யாரோ ஒருவர் சித்தியைக் காட்டிக் கொடுத்துவிட்டார். டைரக்டர் கூப்பிட்டார். சித்தி கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு எழுந்து, தொடக்கத்திலிருந்து கடைசி வரை செய்து காட்டினாள். மறுபடி செய்யச் சொன்னார்கள். அந்த நடிகர் அவள் பின்னாலேயே நடந்து நடந்து பழகினார். கழுத்துப் பட்டியை இழுக்கும் விரலைக்கூட அவளிடம்தான் கற்றுக்கொண்டார்.

முடிந்ததும் சித்தி டைரக்டரிடம் போய் நின்றாள்.

"சார், அந்த ஓட்டைப் பனியன் சமாச்சாரத்த மட்டும் டீவீல போட்றாதீங்க. அது எங்க கம்பெனிக்குள்ள வெச்சுச் சிரிக்கறதுங்க."

"சேச்சே, நான் எடுப்பேனாம்மா? சத்தியமா எடுக்க மாட்டேன்" என்றார் அவர். நெஞ்சில் கை வேறு வைத்துக்கொண்டார். அவளுக்கும் ஒரு வேஷம் தந்தார்: முதலாளியிடம் திட்டு வாங்கும் டைலர். இரண்டு வரி பேச்சு. சித்தி அதை நன்றாகப் பேசினாள்.

அது ஒளிபரப்பான அன்று லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வீட்டு ஓனர் வீட்டில் டிவி முன்னால் கூடியிருந்தோம். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நடிகர் வந்தார். வேட்டியைத் தூக்கினார், பட்டியை இழுத்தார், முகர்ந்தார், ஃபேனைப் பார்த்தார். அவ்வளவும் என் சித்தி. திட்டு வாங்க நின்றது ஒரு முதுகும் ஒரு பின்னலும். பேச்சு வரவில்லை. எனக்கு அழுகை முட்டியது. அதற்குள் நடிகர் சட்டையைத் தூக்கினார். உள்ளே கந்தல் பனியன், எங்கும் ஓட்டை. அத்தனையும் போதாதென்று, ஒரு ஓட்டையைத் தைக்கச்சொல்லி அந்த முதுகிடமே கெஞ்சினார். வீடே அதிரச் சிரித்தார்கள். கடைசியில் தொடரின் முதலாளியும் தொழிலாளிகளும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிச் சிரித்துக்கொண்டார்கள். சித்தி சிரிக்கவில்லை. முகம் வராத துக்கம் என்று நினைத்து நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் சூப்பர்வைசர் வந்து, "மெஷினுக்கு வேற ஆளு வருதுங்க. நீங்க கைமடிக்குப் போயிருங்க" என்றாராம். வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வேறு கம்பெனிக்குப் போனாலும் பெண்பிள்ளை என்றால் கைமடியில்தான் உட்கார வைப்பார்கள் என்று தெரிந்தே செய்தார்கள்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு நேரே முதலாளியின் ஆபீஸ் ரூமுக்குப் போனாள்.

"உக்காருங்கம்மிணி. டீ சாப்புடறீங்களா?" என்றார் முதலாளி.

"நான் டீ குடிக்க வரலீங்க. எந்தங்கச்சி என்னங்க தப்புப் பண்ணுனா?"

"தப்புன்னு நாஞ் சொன்னனுங்களா? ஆயுத பூசைக்கு இதே கூத்தத்தானுங்க செஞ்சுது, நாஞ் சிரிக்கலீங்களா? நம்ம ஊட்டுக்குள்ள எப்படி வேணும்னாலும் சிரிக்கலாமுங்க. இப்பக் கணியூர்ல இருந்து எஞ் சம்மந்தி போன் போட்டு, நல்ல பனியன் நாலு அனுப்பி உடட்டுங்களான்னு கேக்கறாருங்க. நான் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெக்கறதுங்க?"

"டீவீல காட்டுனது மெட்ராஸ்காரங்க. அவிகளக் கேட்டீங்களா?"

"அவிகளுக்கு அது தொழிலுங்க அம்மிணி."

அவர் தலைக்கு மேல் சுவரில் புதிதாக ஒரு போட்டோ மாட்டியிருந்தது. அவரும் டைரக்டரும் அந்த நடிகரும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பூ வேறு வைத்திருந்தார்கள். அவமானப்படுத்தியவனுக்குப் பூ, செய்யாதே என்று கெஞ்சியவளுக்குக் கைமடி! அம்மா அதைப் பார்த்தாள். டீயைக் கொண்டுவந்து வைத்த பையனைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

சித்தி கைமடியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் அக்கா. கணவர் படுத்த படுக்கை. இரவெல்லாம் அவருக்குப் பணிவிடை செய்துவிட்டுப் பகலில் வேலைக்கு வருபவர். கண் மூடித் தூங்குவார், ஆனால் கை மட்டும் துணியை மடித்துக்கொண்டேயிருக்கும். யாராவது நடந்துவரும் சத்தம் கேட்டால், "முழிச்சுத்தானுங்க இருக்கறேன்" என்று திடுக்கிட்டுச் சொல்வார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சித்தி அதை வீட்டில் செய்து காட்டினாள். மெஷின் போனதிலிருந்து அவள் யாரையும் செய்து காட்டியது அதுதான் முதல் தடவை. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது.

அடுத்த நாள் டிவிக்காரர்கள் மறுபடி வந்தார்கள்! அதே ஷெட், அதே முதலாளி, இந்தத் தடவை பிரியாணி. டைரக்டர் நேராகச் சித்தியும் அந்த அக்காவும் நானும் உட்கார்ந்திருந்த கைமடி வரிசைக்கு வந்தார். சத்தியம் செய்த ஞாபகம் அவர் முகத்தில் துளிகூட இல்லை.

"ஏம்மா, உன்னைத்தான் தேடினேன். இந்த வாரம் வேலைக்காரங்களை வெச்சு எடுக்கறோம். உன்கூட இருக்கறவங்கள்ல யாரையாவது செஞ்சு காட்டு. வேலை நேரத்துல தூங்கி வழியற ஆளு யாராவது இருப்பாங்கள்ல?"

முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டு இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தார். "செஞ்சு காட்டுங்கம்மிணி. நாளைக்கே பளைய மெஷின்ல போயி உக்காந்துக்கலாமுங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் குதித்தது. நேற்றுச் செய்ததைச் செய்தால் போதும்.

"எனக்கு அதெல்லாம் வராதுங்க சார்" என்றாள் சித்தி.

"முதலாளியை அவ்வளவு அழகா செஞ்சியே?"

"அவரு தெனமும் முன்னால வந்து நிப்பாருங்க. பாத்துப் பாத்து வந்துருச்சு. இங்க குனிஞ்ச தல நிமுர முடியாதுங்க. யாரு தூங்கறாங்க, யாரு முழிச்சிருக்கறாங்கன்னு நாங் கண்டனுங்களா?"

அப்பட்டமான பொய். நான் வாயைத் திறந்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. என்னை அதுவரை ஒரு அடிகூட அடிக்காத சித்தி. டைரக்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார். முதலாளி ஃபேனைப் பார்த்து, "செரி, அவங்கவங்க இஷ்டமுங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் அவளோடு பேசவில்லை. மெஷினும் கிடைக்காமல் போயிற்று, டிவியில் முகம் காட்டும் சந்தர்ப்பமும் போயிற்று, பொய் வேறு, கிள்ளு வேறு. உலகத்தில் இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை என்று நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, அந்தக் கைமடி அக்கா பிரியாணிப் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு, சித்தியின் இரண்டு கையையும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மெஷினை இழந்தது என் சித்தி, கிள்ளு வாங்கியது நான், இவர் எதற்கு நடுரோட்டில் அழுகிறார் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.