அன்று யாரிடம் சொன்னீர்கள்?

போன புதன்கிழமை தீர்ப்பு வந்தது. பிகாஷ் விடுதலை.

பிகாஷ் யார்? ஒடிசாக்காரர். முப்பது வயது இருக்கும். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. பெருமாநல்லூரில் ஒரு பெண்ணின் செயினைப் பறித்ததாக அவர்மேல் வழக்கு. ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நடந்த சம்பவம். அந்தப் பெண்ணும் பாவம், பதற்றத்தில் ஒரு நொடி பார்த்த முகம்... "இவர் மாதிரிதான் இருந்தது" என்றார். பிகாஷ் மூன்று வாரம் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வேலை போய்விட்டது.

ஆனால் அந்த நான்கு மணிக்கு அவர் எங்கள் தெரு பேக்கரியில், என் எதிரில் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை. எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் அரைகுறை. மழை விடும்வரை, ஒரு மணி நேரம்போல, ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். அவ்வளவுதான் பழக்கம். கைதான பிறகு அவருடைய ரூம் நண்பர்கள்தான் விசாரித்து என்னைத் தேடி வந்தார்கள்.

பேக்கரியில் கேமரா இருக்கிறதே, பிறகென்ன கவலை? நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நண்பர்கள் கேட்டதால் பேக்கரிக்காரர் திரையில் ஓடிய காட்சியைத் தன் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தார். ஒரிஜினல் பதிவோ பதினைந்து நாளில் தானாக அழிந்துவிட்டது. இப்படிப்பட்ட நகலை கோர்ட் ஏற்க வேண்டுமென்றால், எந்தக் கருவியில் இருந்து எப்படி எடுத்தது என்று சர்டிஃபிகேட் வேண்டும். புதிய சாட்சியச் சட்டப்படி நிபுணர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எதையும் ஜோடித்துவிட முடிகிற காலம் — சட்டம் கறாராக இருப்பதில் தப்பில்லை. ஆனால் டீக்கடை வீடியோவுக்கு நிபுணரை எங்கே போய்த் தேடுவது?

வீடியோ எடுபடவில்லை. அன்று யார் யார் வந்தார்கள் என்று பேக்கரிக்காரருக்கு நினைவில்லை. மிச்சம் நான் ஒருவன்.

கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அந்தத் தேதி மட்டும் எப்படிங்க ஞாபகம் இருக்குது?"

"என்ற சம்சாரம் தவறி அன்னிக்கு ஒரு வருசமுங்க. ஊட்டுல இருக்க முடியலீங்க. அதான் பேக்கரிக்குப் போனனுங்க."

வக்கீல் பேப்பரைப் புரட்டினார். "இவரைப் பார்த்ததா அன்னிக்கு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"ஒரு மணி நேரம் ஒருத்தரோட உக்காந்திருக்கீங்க. ஊட்டுக்குப் போயி ஒருத்தர்கிட்டக்கூடச் சொல்லலீங்களா?"

"சொல்றதுக்கு ஆளில்லீங்க."

டைப் செய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களோடு ஊர்க்கதையெல்லாம் பேசுகிறேன், இதை மட்டும் சொன்னதில்லை. கடைசியில் சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும்படி ஆயிற்று.

தனி ஆள் சொல் செல்லுமா? செல்லும் என்றார் மாஜிஸ்திரேட். இத்தனை சாட்சிகள் வேண்டுமென்று சட்டம் கேட்பதில்லை, நம்பும்படியான ஒருவர் போதும் என்று தீர்ப்பில் எழுதியிருந்தார். அடையாளம் காட்டியதிலும் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

தீர்ப்பு முடிந்ததும் கோர்ட் வராந்தாவில் பிகாஷ் ஊருக்குப் போன் போட்டார். பேசிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அம்மா பேசணும், அங்கிள்."

மறுமுனையில் ஒரு பெண் குரல் அழுதது. பிறகு ஒடியாவில் பேச ஆரம்பித்தது. ஒரு சொல்கூடப் புரியவில்லை. "ஆமாங்க... சரிங்க..." என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.

போனை வாங்கிக்கொள்ள பிகாஷ் கை நீட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் என்று ஜாடை காட்டினேன்.