பெஞ்சமின் அமுக்கும் பட்டன்

செருப்பைக் கழற்றியதும் பெஞ்சமினின் கண்கள் நாற்காலியைத் தேடுவதில்லை, மெயின் போர்டைத்தான் தேடும். காலண்டருக்குப் பின்னாலோ கதவு மூலையிலோ அது எங்கே ஒளிந்திருந்தாலும் விடமாட்டார். அதில் 'டி' என்று எழுதிய சின்னப் பட்டனை ஒற்றை விரலால் அமுக்குவார். வீடு இருண்டுபோனால் அவர் முகம் மலரும். "விழுந்துச்சா? நல்ல வூடு. இப்ப காபி குடு" என்பார். விளக்கு அணையாவிட்டால் அந்த வீட்டுக் காபி அவருக்குத் தொண்டையில் இறங்காது.

மச்சினியின் நிச்சயதார்த்தத்தில், மோதிரம் மாற்றுகிற நேரம் பார்த்து இதைச் செய்துவிட்டார். மண்டபமே இருட்டானது. "விருந்துக்கு வந்த எடத்துல கைய வச்சிகினு சும்மா இருக்க மாட்டியா நீ?" என்று பல்லைக் கடித்தார் மனைவி ஹெலன். ஆனால் இந்தப் பழக்கத்துக்குக் காரணமே ஹெலன்தான்.

அந்தப் பட்டன் இருக்கும் சுவிட்சுக்கு டிரிப்பர் என்று பேர். எங்காவது மின்சாரம் கசிந்தால், அது ஆளைப் பிடிப்பதற்குள் தானே விழுந்து மொத்தத்தையும் நிறுத்திவிடும். மழைக்காலத்தில் ஈரச் சுவரில் கொஞ்சம் கசிந்தாலும் விழும். அப்படி ஒரு ஐப்பசியில் கருங்குழியில் பெஞ்சமின் வீட்டு டிரிப்பர் ஓயாமல் விழுந்தது. ஊருக்கெல்லாம் வயரிங் செய்கிறவர், சொந்த வீட்டில் ஒரு துண்டு வயரை வைத்து அதைத் தாண்டி நேராக இணைத்துவிட்டார். 'ரெண்டு நாளில் பார்க்கலாம்' என்றது ரெண்டு வருஷமாயிற்று. ஒரு நாள் மாவு அரைக்கும்போது ஹெலனின் கை கிரைண்டரோடு ஒட்டிக்கொண்டது. இழுக்க முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. அந்த நேரத்தில்தான் தெருவில் கரண்ட் போனது.

தெருவே மின்வெட்டைத் திட்டியது. ஹெலன் சமையலறைத் தரையில் உயிரோடு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்துதான் பெஞ்சமின் போகிற இடமெல்லாம் பட்டனை அமுக்குகிறார். எங்கே கரண்ட் போனாலும் வலது கையை உயர்த்தி "ஸ்தோத்திரம்" என்பார். புழுக்கத்தில் விசிறிக்கொண்டிருப்பவர்கள் அவரை முறைப்பார்கள். அவருக்கு அது உறைப்பதில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அவரிடம் வயர்மேன் லைசென்ஸ் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, பைபிளுக்குள் வைத்திருக்கிறார். புது இணைப்போ கூடுதல் லோடோ, லைசென்ஸ் உள்ளவர் வேலையைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். பார்க்காமலே கையெழுத்திடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பப் பாரம் ஜெராக்ஸ் கடையிலேயே கட்டுக்கட்டாகக் கிடைக்கும். டிரிப்பர் கட்டாயம் என்ற விதியும் எழுதப்பட்டு வருஷங்கள் ஆகின்றன. சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. இந்த விதி மட்டும் எந்த ஸ்டேஷனில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்ததோ தெரியவில்லை. மின் அலுவலகத்துப் பாரத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

பெஞ்சமின் தானே ஒரு வரியை உண்டாக்கிக்கொண்டார். பாரத்தின் அடியில் நீல மையில், 'டிரிப்பர் பட்டனை நானே அமுக்கினேன். விழுந்தது' என்று எழுதி, அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போடுவார். "இத யாரு அண்ணாத்த கேட்டா உன்ன?" என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அவரைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். "நான் ஒருத்தன் எழுதி இன்னா ஆவப்போவுது?" என்று ஹெலனிடம் அலுத்துக்கொள்வார். அடுத்த பாரத்திலும் எழுதுவார்.

போன மாதம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் மழலையர் பள்ளி தொடங்கவிருந்த துர்காதேவி டீச்சர் கூப்பிட்டார். வாடகை வீட்டைப் பள்ளியாக்கியிருந்தார். திங்கட்கிழமை திறப்பு. பதினேழு பிள்ளைகள் சேர்ந்தாயிற்று. கூடுதல் லோடுக்குக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பெஞ்சமின் பட்டனை அமுக்கினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. போர்டைத் திறந்தார். டிரிப்பரைத் தாண்டி ஒரு துண்டு வயர் நேராகப் போயிருந்தது. தன் வீட்டில் தான் வைத்த அதே துண்டைப் பார்ப்பதுபோல் இருந்தது. கையெழுத்துப் போடாமல் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"வயரிங் பண்ண எங்க மாமா பையன்தான் அப்டி வச்சாரு. சும்மா சும்மா விழுதாம்" என்றார் டீச்சர். "ஆபீஸ்லயே கேக்கல, நீங்க இன்னாண்ணா கேட்டுகினு கீறீங்க?"

"ஆபீஸா டீச்சர் இங்க வந்து வெளாடப் போவுது? கொயந்தைங்க ஈரக் கையோட வந்து தொடும்."

கோபத்தில் டீச்சர் ஜெராக்ஸ் கடைப் பாரத்தை வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை மின் அலுவலகம் போனார். அங்கே எட்டு மாதம் முன்பு வந்த இளம் பொறியாளர் மதுவந்தி பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அந்த நீல மை வரி இல்லையே மேடம்?"

"அது பாரத்துலயே இல்லையே, மேடம்" என்றார் டீச்சர்.

"விதியில இருக்கு. பெஞ்சமின் சார் எழுதின வரியைப் பார்த்துட்டுத்தான் நான் போய்ப் படிச்சேன். இப்போ எல்லார்கிட்டயும் கேட்கறேன். அமுக்கிப் பார்த்துட்டு, எழுதி வாங்கிண்டு வாங்கோ."

சனிக்கிழமை காலை டீச்சர் போனில் சுருக்கமாக, "வாங்கண்ணா" என்றார். பெஞ்சமின் உடனே மொபெட்டை எடுத்தார். உப்புக் காற்றில் அரித்துப்போயிருந்த மோட்டார் வயர்தான் கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றினார். துண்டு வயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பட்டனை அமுக்கினார். வீடு இருண்டது. டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இத தெனமும் அமுக்கிப் பாக்கணுமா?" என்று கேட்டார். "மாசத்துக்கு ஒருவாட்டி போதும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வரியை எழுதினார். அலுவலகத்தில் நடந்ததை டீச்சர் சொல்லக் கேட்டபோது, பேனாவை மூட மறந்து சட்டையில் நீல மை கறையாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை அவருக்கு அந்தப் பக்கம் வேறு வேலை. மொபெட்டில் பள்ளியைக் கடக்கும்போது ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தாய்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். திடீரென்று பாட்டு பாதியில் நின்றது. கரண்ட் போய்விட்டதோ என்று எதிர் டீக்கடையைப் பார்த்தார். அங்கே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. துர்காதேவி டீச்சர் மெயின் போர்டுப் பக்கமிருந்து சாவியோடு வந்து கேட்டைத் திறந்தார். பெஞ்சமின் வண்டியை நிறுத்தவில்லை. வலது கையை மட்டும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, மேலே உயர்த்தினார்.